பால் பத்தலையா? எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள்!

பிரசவமாகி மூன்றாம் நாள். ராத்திரி மணி இரண்டு. குழந்தை வீறிட்டு அழுகிறது. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, வாயை எடுத்துக்கொண்டு மறுபடியும் அழுகை. காம்பெல்லாம் புண். குழந்தை வாய் வைத்தாலே உயிர் போய் உயிர் வருகிறது. பக்கத்துச் சந்தில் விசைத்தறி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

"பால் ஊறலை போல கண்ணு, சக்கரைத் தண்ணி ரெண்டு சொட்டு வெச்சுப் பாக்கலாமா?" என்கிறார் அம்மா. "கழுதைப்பால் ஒரு சங்கு ஊத்துனா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்கிறார் அம்மாயி. சாயங்காலம் போனில் பேசிய மாமியார், "எங்க வூட்டுல யாருக்கும் பால் பத்தாமப் போனதில்லையே" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார். அது வேறு மனசில் முள்ளாகக் குத்துகிறது. கணவர்? ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "டின் பால் வாங்கிக் குடுத்துருங்க. காசு அனுப்பறேன்."

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. திருச்செங்கோட்டில் மலையடிவாரத்தில் கேட்டாலும் சரி, சங்ககிரி ரோட்டில் கேட்டாலும் சரி, பிள்ளை பெற்ற பத்துப் பேரில் பாதிப் பேராவது "எனக்கும் இப்படி ஒரு ராத்திரி வந்துச்சுங்க" என்பார்கள். விடிந்தால் மருந்துக்கடை திறக்கும். டின் வாங்குவதா, வேண்டாமா என்பது அந்த ராத்திரிதான் முடிவாகிறது. அந்த நேரத்தில் டாக்டர் தூக்கத்தில் இருப்பார். ஆஸ்பத்திரி நர்ஸம்மா அன்றைக்கு எத்தனை பிரசவம் பார்த்தாரோ!

அப்போது யார் வந்தால் நல்லது? ஆறு மாசம் முன்னால் இதே மாதிரி அழுது, எப்படியோ கரையேறி, இன்றைக்குத் தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற எதிர்வீட்டு அக்கா வந்தால் நல்லது. சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. உலகத்தில் பல நாடுகளில் பரிசோதித்துப் பார்த்து, கணக்கெடுத்து, டாக்டர்களே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

மூன்றாம் நாள் என்ன நடக்கிறது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரசவமான உடனே குடம் குடமாகப் பால் வராது. வரவும் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வருவது மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகச் சீம்பால். பிறந்த குழந்தையின் வயிறு முதல் நாள் ஒரு சுண்டைக்காய் அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பாலே அதற்கு விருந்து. நோயை எதிர்க்கிற சக்தி முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கீழே விடுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம்!

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மார்பு கனத்துப் பால் நிறையும். முதல் பிரசவம், சிசேரியன் என்றால் ஒரு நாள் முன்னே பின்னே ஆகும். தமிழ்நாட்டில் சிசேரியன் எவ்வளவு தெரியுமா? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 45 பிரசவம்! அதே கணக்கெடுப்பில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் நூற்றுக்கு 60. ஆறு மாசத்துக்குள் இருக்கிற குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை நூற்றுக்கு 55தான். ஆஸ்பத்திரிப் பிரசவத்தில் நாட்டிலேயே முன்னால் நிற்கிற மாநிலம் நம்முடையது. பிள்ளை பெறுவதற்கு இத்தனை ஏற்பாடு செய்கிற நாம், பெற்றவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவளை அம்போ என்று விட்டுவிடுகிறோம் என்பதுதான் இந்தக் கணக்கில் எனக்குத் தெரிகிற சேதி.

இன்னொரு சூட்சுமம். மார்பு என்பது தண்ணீர்த் தொட்டி இல்லை, ஊற்று. இறைக்க இறைக்கத்தான் ஊறும். (போர் போடுகிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை!) குழந்தை சப்பச் சப்ப மூளைக்குத் தகவல் போய்ச் சுரப்பு கூடும். நடுவில் சர்க்கரைத் தண்ணீர், டின் பால் என்று கொடுத்து வயிற்றை நிரப்பினால் குழந்தை சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பால் குறையும். பால் குறைந்தால் இன்னும் ஒரு கரண்டி டின் பால்... பத்தே நாளில் 'எனக்குப் பால் பத்தலை' என்பது நிஜமாகவே நடந்துவிடும். கழுதைப்பாலும் அப்படித்தான். காய்ச்சாத பாலை, தெருவில் கறந்து, கழுவாத சங்கில் ஊற்றினால் பேதியும் சீதளமும்தான் மிச்சம்.

அக்கா வந்து என்ன செய்வாள்?

முதலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். உட்கார வேண்டும், அதுதான் முக்கியம். வாசப்படியில் நின்றபடியே "பூண்டு தின்னு, பால் ஊறும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பூண்டு தின்னட்டும், தப்பில்லை. பத்தியச் சாப்பாடு ருசியாக இருந்தால் தாய்க்கு நல்லது. ஆனால் குழந்தை மார்பைப் பிடிக்கிற விதம் சரியில்லை என்றால், மூட்டை மூட்டையாகப் பூண்டு தின்றாலும் பலன் இல்லை.

"நீ குடுக்கறதை ஒருக்கா நான் பாக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டு, ஒரு முழு வேளை பால் கொடுப்பதை அக்கா பார்ப்பாள். காம்பு வலிக்கும் புண்ணுக்கும் பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். குழந்தை காம்பை மட்டும் பிடித்துக்கொண்டு மென்றுகொண்டிருக்கும். பிடிக்க வேண்டியது காம்பை மட்டும் அல்ல. அதைச் சுற்றி உள்ள கறுப்பு வட்டத்தையும், அதிலும் அடிப்பக்கத்தை நன்றாக, வாய்க்குள் வாங்க வேண்டும். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். மோவாய் மார்பைத் தொட வேண்டும். கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். குழந்தையின் தலை, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே நேராக, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். நாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடிக்க முடியுமா? குழந்தையும் அப்படித்தான். குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டுமே தவிர, தாய் குனிந்து மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. முதுகுவலி பாதி அதனால்தான் வருகிறது.

சிசேரியன் ஆனவளுக்குத் தையல் மேல் குழந்தையை வைக்கப் பயம். படுத்தபடி ஒருக்களித்துக் கொடுக்கலாம். குழந்தையைப் பக்கவாட்டில் அக்குளுக்கடியில் தலையணை மேல் வைத்து, கால் பின்பக்கம் போகிற மாதிரி பிடித்தும் கொடுக்கலாம். புத்தகத்தில் படம் பார்த்தால் இது குழப்பமாக இருக்கும். தையல் போட்ட ஒருத்தி செய்து காட்டினால் ஒரு நிமிஷம்!

காம்பு உள்ளே அழுந்தியிருக்கிறதா? அதற்கு நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், தாவணகெரே மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 1993இல் எழுதி உலகமே எடுத்துக்கொண்ட ஒரு எளிய வழி இருக்கிறது. புது டிஸ்போசபிள் சிரிஞ்சில் ஊசி மாட்டுகிற முனையை வெட்டிவிட்டு, வெட்டின பக்கம் வழியாகப் பிஸ்டனைச் செருக வேண்டும். வழவழப்பான மறுபக்கத்தை மார்பில் வைத்து, தாயே தன் கையால் மெதுவாக இழுத்து அரை நிமிஷம், ஒரு நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். பால் கொடுப்பதற்கு முன் இப்படிச் சில தடவை செய்தால் காம்பு வெளியே வரும். வலித்தால் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும். முதல் தடவை நர்ஸ் எதிரில் செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டால்? குழந்தைக்கு அடிக்கடி கொடுப்பதுதான் முதல் மருந்து. இறுகிப்போய்க் குழந்தையால் பிடிக்க முடியாவிட்டால், வட்டத்தைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்திக் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கொடுக்கலாம். கொடுத்து முடித்த பிறகு குளிர்ந்த ஈரத்துணி போட்டால் வீக்கத்துக்கு இதம். எண்ணெய் போட்டுக் கட்டியை அழுத்தி நீவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது வேண்டாம். உள்ளே இன்னும் வீங்கத்தான் செய்யும்.

கடைசியாக அக்கா ஒரு கணக்குச் சொல்லித்தருவாள். பால் பத்துகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. குழந்தை பசிக்கும் அழும், சும்மாவும் அழும். சாயங்காலம் ஆனால் விடாமல் மார்பு கேட்கிற குழந்தைகள் ஏராளம். அது பால் பத்தாததால் இல்லை. ஈரத்துணியை எண்ணுங்கள். ஐந்தாம் ஆறாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல், நிறமில்லாத சிறுநீர் போனால் பால் பத்துகிறது என்று அர்த்தம். கறுப்பாகப் போன மலம் ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகியிருக்க வேண்டும். பிறந்த எடையில் நூற்றுக்கு பத்து வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்பி வர வேண்டும். அங்கன்வாடியில் எடைத் தராசு இருக்கிறதே!

டாக்காவில் எண்ணிப் பார்த்தார்கள்

இந்த 'அக்கா' யோசனை புதிசில்லை. 1956இல் அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில், ஏழு தாய்மார்கள் கூடி 'லா லேச்சே லீக்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டாக்டர்களே புட்டிப்பாலைச் சிபாரிசு செய்துகொண்டிருந்த காலம் அது. ஒருத்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டது, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. 1968இல் நார்வேயிலும் தாய்மார்கள் இப்படி ஒன்று ஆரம்பித்தார்கள்.

அங்கெல்லாம் சரி, நம் மாதிரி ஊரில் நடக்குமா என்று கேட்பீர்கள். டாக்கா நகரம் நம் ஊர்களை விட நெருக்கடியானது. கொஞ்சம் பள்ளிக்கூடம் போன, தன் குழந்தைக்குப் பால் கொடுத்த அனுபவம் உள்ள உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, 40 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாசங்களில் தொடங்கி, குழந்தைக்கு ஐந்து மாசம் ஆகும் வரை மொத்தம் 15 தடவை வீட்டுக்குப் போய் வந்தார்கள். 2000இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. அக்கா போன வீடுகளில் ஐந்தாம் மாசம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் நூற்றுக்கு 70 பேர். போகாத வீடுகளில்? வெறும் 6!

மெக்சிகோ நகரத்தின் ஓரத்தில் இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள். ஆறு தடவை போன வீடுகளில் மூன்றாம் மாசம் நூற்றுக்கு 67, மூன்று தடவை போன இடத்தில் 50, போகாத இடத்தில் 12. ஆக, ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதாது. போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஹரியானா கிராமங்களில் அங்கன்வாடி ஊழியர்களும் கிராமத்து நர்ஸ்களும் மருத்துவச்சிகளும் இதைச் சொல்லிக்கொடுக்கப் பழகினார்கள். மூன்றாம் மாசம் நூற்றுக்கு 79 பேர் தாய்ப்பால் மட்டும் கொடுத்தார்கள். மற்ற கிராமங்களில் 48தான். குழந்தைகளுக்குப் பேதியும் குறைந்தது. உத்தரப்பிரதேசத்தில் லலித்பூர் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் தாய்மார் துணைக்குழுக்களே அமைத்தார்கள்.

டின் இல்லை, ஊசி இல்லை, பெரிய கட்டடம் இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண் வீட்டுக்கு நடந்து போனாள், அவ்வளவுதான்.

சொல்லும் வார்த்தை

அக்காவுக்குக் கை மட்டும் தெரிந்தால் போதாது, வாயும் தெரிய வேண்டும். பால் இறங்குவதற்கு மனசும் ஒரு காரணம். பயம், அவமானம், வலி இருந்தால் ஊறின பாலே இறங்கத் தயங்கும். அதனால், "உனக்கு மார்பு சின்னது, பத்தாது" என்பதெல்லாம் நஞ்சு மாதிரி. (மார்பின் அளவுக்கும் பாலின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை.) "நான் ரெண்டு வருஷம் குடுத்தேன், உன்னால முடியாதா?" என்று பெருமை பேசுகிறவள் இந்த வேலைக்கு ஆகமாட்டாள்.

"எத்தனை நாளாத் தூங்கலை கண்ணு?" என்று கேட்பவள் ஆவாள். கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊரில் அதுதான் கஷ்டம்! தாய் அழுதால் அழட்டும். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நானும் அஞ்சாம் நாள் உக்காந்து அழுதேன்" என்று ஒரு வாக்கியம் போதும். டாக்டர் சொல்ல முடியாத வாக்கியம் அது.

அம்மாயியையும் மாமியாரையும் எதிரியாக்கிவிடாமல் இருப்பதும் ஒரு சாமர்த்தியம். "சக்கரைத் தண்ணி குடுக்காதீங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால், அக்கா போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொடுப்பார்கள். "நீங்க பிள்ளையை ரெண்டு மணி நேரம் வெச்சுக்கிட்டா இவ தூங்குவா. தூங்குனா பால் ஊறும்ங்க" என்று அவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். வடக்கே இருக்கிற கணவருக்கும் வேலை உண்டு. தினம் போனில் "பால் பத்துதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "நீ சாப்பிட்டியா?" என்று கேட்கலாம்.

டின் கம்பெனிக்காரர் கொடுக்கிற ஓசிச் சாம்பிளோ, பரிசுப் பொருளோ அக்கா கையில் இருக்கவே கூடாது. நம் நாட்டில் 1992இல் வந்து 2003இல் இறுக்கப்பட்ட சட்டப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உணவுக்கும் பீடிங் பாட்டிலுக்கும் விளம்பரமும் இலவச சாம்பிளும் கூடாது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

அக்கா டாக்டர் இல்லை. அது அவளுக்கே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தாய்ப்பாலே கதி என்று பிடிவாதமாக இருந்து, குழந்தை வாடிப்போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதும் நடக்கிறது. கீழே சொல்வது இருந்தால் "இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. எழுப்பினாலும் பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருக்கிற குழந்தை. நான்காம் நாளுக்குப் பிறகும் செங்கல் நிறத்தில் சிறுநீர், அல்லது அரை நாளாகச் சிறுநீரே இல்லை. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள். காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுப் போவது. இரண்டு வாரமாகியும் பிறந்த எடை திரும்பாதது. இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டர்.

தாய்க்கும் உண்டு. மார்பில் ஒரு பக்கம் சிவந்து, வலித்து, காய்ச்சல் ஒரு நாளில் இறங்காவிட்டால் மருந்து தேவைப்படும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுதுகொண்டே, குழந்தையைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தால் அது 'திமிர்' இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் 104 எண்ணில் கேட்கலாம்.

மிகச் சிலருக்கு நிஜமாகவே சுரப்பு குறைவாக இருக்கும். தைராய்டு கோளாறு, நஞ்சின் துண்டு கர்ப்பப்பையில் தங்கிவிடுவது, மார்பில் முன்பு செய்த ஆபரேஷன் என்று காரணம் இருக்கலாம். டாக்டர் பார்த்து மாற்றுப் பால் வேண்டும் என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், பாட்டிலில் இல்லாமல் கொதிக்க வைத்த பாலாடையில். எடை குறைந்து பிறந்து ஆஸ்பத்திரியில் இருக்கிற குழந்தைக்குத் தாய்ப்பால் வங்கிப் பால் கிடைக்கலாம். 1989இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கிய இந்த ஏற்பாடு, பிறகு தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தது. டின் பால் கொடுக்க நேர்ந்த தாயிடமும் அக்கா போய்க்கொண்டுதான் இருக்க வேண்டும். அவளுக்குத்தான் துணை இன்னும் அதிகம் வேண்டும்.

தறிக்குத் திரும்பும்போது

இரண்டாவது கண்டம் மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ வரும். தாய்வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்கு வரும்போது பழகின அக்கா அங்கேயே நின்றுவிடுகிறாள். புதுத் தெருவில் யாரையும் தெரியாது. 2017இல் திருத்திய சட்டப்படி 26 வாரச் சம்பளத்தோடு லீவு, கம்பெனியிலும் ஆபீசிலும் இருப்பவர்களுக்கு. வீட்டுத் தறியிலும் கூலித் தறியிலும் நிற்கிற பெண்ணுக்கு அது எட்டுவதில்லை. அவள் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகக் கற்றுக்கொள்ள வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவி, கொதிக்க வைத்த மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சினால், வெக்கை இல்லாத நாளில் நான்கு மணி நேரம் வெளியே தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அவ்வளவு நம்ப வேண்டாம். பிரிட்ஜில் உள்பக்கம் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். அடுப்பில் சூடு பண்ணாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துக் குளிர் போக்கிக் கொடுக்க வேண்டும். பஸ் பயணத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2015 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் அமைத்திருக்கிறார்கள். பூட்டிக்கிடந்தால் சாவி கேளுங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை!

உங்கள் தெருவில் ஆரம்பிப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடக்கிறதே, அதுதான் நல்ல இடம். வளையல் போட்டுக்கொள்ள வருகிற கர்ப்பிணிகள் பக்கத்தில், ஒரு வருஷத்துக்குள் பிள்ளை பெற்று நன்றாகப் பால் கொடுக்கிற நாலு பேரை உட்கார வையுங்கள். அங்கன்வாடி டீச்சரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லி, அந்த நாலு பேருக்கும் மேலே சொன்ன அபாய அறிகுறிகளைப் பாடமாக்குங்கள். ஆளுக்கு இரண்டு கர்ப்பிணி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன்பே ஒரு தடவை வீட்டுக்குப் போய், அம்மாயி கையால் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வாருங்கள். முகம் பழகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு ஒரு தடவை, மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள், பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போங்கள். மாமியார் வீட்டுக்குக் கிளம்பினால், அந்த ஊர் அக்கா யாரென்று விசாரித்து போன் நம்பர் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

"ராத்திரி ரெண்டு மணின்னாலும் போன் பண்ணு சாமி. எம் பையனும் அந்நேரத்துக்குத்தான் முழிச்சுக்குவான்" என்றும் சொல்லி வையுங்கள்.